வனங்களை இணைக்கும் வழிகள்: வேங்கட மலை தரும் பாடம்

தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகப் பண்டை நூல்கள் குறிப்பது வேங்கட மலை. சங்கத் தொகை நூல்களில் அம்மலையைப் பற்றிய பேச்சு வரும் இடங்கள் பலவற்றில் யானையும் உடன் பேசப்படுகிறது. ஆயினும், பிற்காலத்தில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் இப்பகுதியில் காட்டு யானை என்பதே இல்லாதிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் இந்நிலை மாறிற்று. தமிழ்நாட்டின் ஓசூர், தருமபுரி வனப்பகுதிகளிலிருந்து ஒரு சிறு யானைக் கூட்டம் மாநில எல்லையைக் கடந்து, சித்தூர் மாவட்டத்தின் குப்பம், பலமனேர் வனங்களை வந்தடைந்தது. அடுத்த ஆண்டுகளில் மேலும் சில யானைகள் வந்தன. அவற்றுள் சில வடக்கே நகர்ந்து, திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசல மலைகளையும் எட்டின. யாரும் அவற்றைக் கொண்டுவந்து விடவில்லை. தாமாகவே நடந்து வந்தன.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை ஒருங்கே காட்டுகிறது. ஓர் இனம் அற்றுப்போன வனத்திற்கும் வேறொரு வனத்திலிருந்து அவ்வினம் திரும்பி வர இயலும் என்பது ஒன்று. அங்ஙனம் வருவதற்கு இடையில் ஒரு வழி இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. தேசியப் பூங்கா, சரணாலயம் என்று பெயரிட்டு எல்லைக் கற்களை நட்டுவிட்டால் வனம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், எல்லைக் கற்களுக்கு வெளியே உள்ள நிலம் எவ்வாறு இருக்கிறதோ, அதைப் பொறுத்தே உள்ளே உள்ள வனத்தின் நெடுங்கால வாழ்வும் அமைகிறது. இதன் காரணங்களைச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களை உதாரணமாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மலைத்தொடரின் அமைப்பு

கிழக்குத் தொடர்ச்சி மலைகள் இடையறாத நெடுஞ்சுவர் போன்றவை அல்ல. வங்கக் கடலை நோக்கிச் செல்லும் ஆறுகள் அவற்றைப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. வடக்கே கிருஷ்ணா நதியை அடுத்து நல்லமலைத் தொடர் அமைந்திருக்கிறது. அதன் தெற்கில், கடப்பை மாவட்டத்தில் லங்காமலை இருக்கிறது. அதற்கும் தெற்கே, சித்தவட்டத்தின் அருகில் வடபெண்ணை ஆறு மலைகளினூடே புகுந்து செல்கிறது. ஆற்றின் தென்கரையில் பாலகொண்டா மலைகள் எழுந்து, தென்கிழக்காக நீண்டு, சேஷாசல மலைகளாகத் திருப்பதியை வந்து சேர்கின்றன. சேஷாசலத்திற்குத் தென்மேற்கே சமவெளியும் சிறு குன்றுகளும் ஊர்களும் உள்ளன. அவற்றுக்கு அப்பால், கர்நாடக, தமிழ்நாட்டு எல்லைகளை ஒட்டிய மேட்டு நிலத்தில் பலமனேர், குப்பம் வனங்கள் அமைந்துள்ளன.

இந்த நீண்ட பரப்பில் காக்கப்பட்ட பகுதிகள் பல உள்ளன. வடகோடியில் நாட்டின் மிகப் பெரிய புலிகள் காப்பகங்களுள் ஒன்றான நாகார்ஜுனசாகர்–ஸ்ரீசைலம் காப்பகம் உள்ளது. கடப்பை மாவட்டத்தில் 1988-இல் ஸ்ரீ லங்காமல்லேசுவர சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சேஷாசல மலைகளில் 1989-இல் ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்கா ஏற்பட்டது. அதன் பரப்பு சுமார் 353 சதுர கிலோமீட்டர். தென்மேற்கே 1990-இல் சுமார் 357 சதுர கிலோமீட்டர் பரப்பில் கௌண்டின்ய சரணாலயம் அமைந்தது. பாலாற்றின் துணையாறுகளாகிய கைகல், கௌண்டின்யா ஆகியவை அதனூடே ஓடுகின்றன. 2003-இல் அதையும் அடுத்துள்ள வனங்களையும் சேர்த்து 766 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ராயலா யானைக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2010-இல் மத்திய அரசு, சித்தூர், கடப்பை மாவட்டங்களில் பரவிய சுமார் 4,755 சதுர கிலோமீட்டர் பரப்பைச் சேஷாசல உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2022-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று.

வேறெங்கும் காண்பதற்கரிய உயிரினங்கள் இம்மலைகளில் உள்ளன. செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் இத்தென்பகுதியில் மட்டுமே. சைக்கஸ் பெட்டோமி என்னும் அரிய விதைத்தாவரம் திருப்பதி, கடப்பை மலைகளுக்கே உரியது. பொன்னிறமுள்ள பொற்பல்லியை 1870-இல் பெட்டோம் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் விவரித்து உலகிற்கு அறிவித்தார். இவ்வினங்கள் இங்கு அழியுமாயின், செம்மரம், சைக்கஸ் போன்றவற்றுக்கு மீண்டும் வித்துக் கொடுக்க வேறு மலை இல்லை.

வனம் தீவாதல்

ஒரு வனம் நான்கு புறமும் வயல்களாலும் சாலைகளாலும் சூழப்படும்போது என்ன நேருகிறது? இதற்கு விடை காண உலகின் மறுபக்கத்தில் நிகழ்ந்த ஒன்று உதவும். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், பனாமாக் கால்வாய்க்காகச் சாக்ரஸ் என்னும் ஆற்றைத் தடுத்துப் பெரியதோர் ஏரி அமைக்கப்பட்டது. நீர் உயர்ந்தபோது வனம் மூடிய ஒரு குன்றின் உச்சி மட்டும் தீவாக நின்றது. சுமார் 15 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவின் பெயர் பார்ரோ கொலராடோ. அங்கு மரங்களை யாரும் வெட்டவில்லை, வேட்டையும் தடுக்கப்பட்டது. அங்ஙனமிருந்தும், அடுத்த பத்தாண்டுகளில் பறவை இனங்கள் பல ஒன்றன்பின் ஒன்றாக அத்தீவினின்று மறைந்தன. சிறு இடத்தில் சிறு தொகையாக வாழும் இனம் ஒரு வறட்சியாலோ நோயாலோ அற்றுப்போகலாம். அக்கரை வனத்திலும் இவ்வித இழப்புகள் நேர்ந்திருக்கக்கூடும். ஆயினும் அங்கே அடுத்த பகுதியிலிருந்து வரும் பறவைகள் வெற்றிடத்தை நிரப்பிவிடும். நீரைக் கடந்து பறக்கும் இயல்பில்லாத காட்டுப் பறவைகள் தீவுக்கு அவ்வாறு வர முடியவில்லை.

1967-இல் மக்கார்தர், வில்சன் என்னும் இரு விஞ்ஞானிகள் இதனை ஒரு கொள்கையாக வகுத்தனர். ஒரு தீவில் எத்தனை இனங்கள் நிலைத்து வாழும் என்பதை இரண்டு காரணங்கள் தீர்மானிக்கின்றன என்றனர்: ஒன்று தீவின் பரப்பு; மற்றொன்று பெருநிலத்திலிருந்து அதன் தொலைவு. வயல்கள் சூழ்ந்த வனத்திற்கும் இக்கொள்கை பெரும்பாலும் பொருந்துகிறது என்பது பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகளால் தெரிய வந்தது.

தனிமையினால் மற்றொரு தீங்கும் உண்டு. சிறு தொகையுள்ள விலங்குகள் நெருங்கிய இரத்த உறவினுள்ளேயே இனம்பெருக்க நேரிடுகிறது. அதனால் மறைந்திருந்த பரம்பரைக் குறைகள் வெளிப்படுகின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வாழும் பூமா என்னும் பெரும்பூனை 1990-களின் தொடக்கத்தில் இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. அவற்றில் பலவற்றுக்கு வால் வளைந்திருந்தது. இதயக் குறைகளும் மலட்டுத்தன்மையும் காணப்பட்டன. 1995-இல் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொணர்ந்து விட்டபின் அவ்வினம் மீண்டும் பெருகலாயிற்று. அங்கே மனிதன் வண்டியில் ஏற்றிக் கொண்டுசென்று செய்த காரியத்தை, வனங்களுக்கிடையே வழி இருக்குமிடத்தில் விலங்குகள் தாமே செய்துகொள்கின்றன. ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு விலங்குகள் வந்து கலந்தாலும் பரம்பரை வளம் பெருமளவு காக்கப்படும் என்பது பரம்பரையியலார் கூறும் பொது விதி. அந்த ஒன்றிரண்டு விலங்குகள் உயிரோடு வந்து சேர்வதற்கே வழி தேவைப்படுகிறது.

பரப்பும் வடிவமும்

கௌண்டின்ய சரணாலயத்தின் பரப்பு 357 சதுர கிலோமீட்டர் என்று கண்டோம். இது யானைக்குப் போதுமா? நீலகிரி வட்டாரத்தில் யானைகளுக்கு வானொலிக் கருவி பொருத்திய கழுத்துப்பட்டைகளை அணிவித்து ஆராய்ந்தபோது, ஒரு யானைக் குடும்பம் ஆண்டு முழுவதும் சுற்றி வரும் பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டதெனத் தெரிந்தது. அதாவது, முழுச் சரணாலயமும் ஒரு குடும்பத்தின் சுற்றுக்கே போதாமற் போகலாம். மழைக்காலத்தில் புல்லையும் கோடையில் நீரையும் நாடிச் செல்லும் யானை, சரணாலய எல்லையைத் தாண்டுவது இயற்கையே. அதனைக் குற்றம் எனக் கொள்வதற்கில்லை.

பரப்பைப் போலவே வடிவமும் முக்கியமானது. ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். சுமார் 357 சதுர கிலோமீட்டர் வனம் சதுரமாக இருப்பின், ஒரு பக்கம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். நான்கு புறத்து எல்லையும் சேர்ந்து 76 கிலோமீட்டர். அதே பரப்பு 5 கிலோமீட்டர் அகலமும் 71 கிலோமீட்டர் நீளமும் உள்ள நாடாவாக இருப்பின், எல்லையின் நீளம் 152 கிலோமீட்டராகிறது. பரப்பு மாறவில்லை, வயலும் வனமும் சந்திக்கும் கோடு இரு மடங்காயிற்று. எல்லை நீளும் அளவுக்குத் தீ, கால்நடை மேய்ச்சல், விறகு வெட்டு, பயிர்ச்சேதம் ஆகிய யாவும் பெருகும். நாடா வடிவில், வனத்தின் எவ்விடமும் எல்லைக்கு இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இராது. கௌண்டின்ய சரணாலயம் இத்தகைய நீண்டு ஒடுங்கிய வடிவமுடையது. ஆகவேதான் அங்கே யானைக்கும் உழவருக்கும் அடிக்கடி மோதல் நேருகிறது.

எல்லா உயிர்க்கும் ஒரே வழி பொருந்துமா?

வழி என்றவுடன் இருபுறமும் மரமடர்ந்த பாதை ஒன்று நம் மனத்தில் தோன்றுகிறது. யானைக்கும் புலிக்கும் அது பொருந்தும். ஆனால், ஒவ்வோர் உயிரும் தனக்குரிய இயல்பின்படியே இடம் பெயர்கிறது. செம்மரம் நடப்பதில்லை, சிறகு போன்ற விளிம்புடைய அதன் காய் காற்றில் பறந்து சிறிது தூரத்தில் விழுகிறது. பலதலைமுறைகளாகச் சிறிது சிறிதாக அம்மரம் மலைமேல் பரவுவதற்குத் தொடர்ந்த மலைச்சரிவு வேண்டும். பொற்பல்லிக்குப் பாறை இடுக்குகளும் ஈரமும் வேண்டும். கிளைவிட்டுக் கிளை செல்லும் தேவாங்குக்கு மரக்கிளைகள் தொடுத்து நிற்க வேண்டும். பத்து மீட்டர் அகலமுள்ள சாலையும் அதற்குப் பெருந்தடையாகும்.

இதனினும் வியப்பானது ஜெர்டன் கோர்சர் என்னும் பறவையின் வரலாறு. தெலுங்கில் இதனைக் கலிவிகோடி என்பர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் விஞ்ஞானிகள் அறிந்த இப்பறவை 1900-க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போயிற்று என்றே கருதப்பட்டது. 1986 ஜனவரியில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் முயற்சியால், கடப்பை மாவட்டத்தில் லங்காமலை அடிவாரத்தில் மீண்டும் காணப்பட்டது. அதன் இருப்பை முதலில் கண்டறிந்து கூறியவர் அவ்வூர்ப் பகுதியின் பறவை பிடிப்பவர் ஒருவரே. இப்பறவை வாழ்வது அடர்ந்த காட்டில் அன்று. முட்புதர்களும் இடையிடையே வெட்டவெளியும் உள்ள, இரவில் ஓடித் திரிவதற்கேற்ற புதர்க்காட்டில். அத்தகைய நிலத்தைக் கணக்கேடுகளில் தரிசு என்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் இதன் வாழிடத்தை ஊடறுக்கத் தொடங்கியபோது, ஆட்சேபம் எழுந்து, கால்வாயின் போக்கு மாற்றப்பட்டது. மலையையும் மலையையும் இணைக்கும் நிலம் பெரும்பாலும் இத்தகைய புதர்க்காடே. அதனைத் தரிசென்று ஒதுக்கினால், பறவையும் போகும்; வழியும் போகும்.

இணைப்பினால் தீமை ஏதும் இல்லையா என்று வாசகர் வினவலாம். உண்டு. விலங்கு செல்லும் வழியே காட்டுத்தீயும் பரவக்கூடும். கால்நடை நோய்களும், உண்ணிச்செடி போன்ற அயல்நாட்டுக் களைகளும் பரவக்கூடும். ஆகவே, ஒரு வழியை அடையாளம் காண்பதோடு வேலை முடிவதில்லை. தீத்தடுப்புக் கோடு வெட்டுதல், களை நீக்குதல், அடுத்த ஊர்க் கால்நடைகளுக்கு நோய்த்தடுப்பு ஊசி போடுதல் ஆகியனவும் அதனுடன் சேர்ந்த கடமைகளாகும்.

இடைநிலத்து மக்கள்

வனத்திற்கும் வனத்திற்கும் இடையே உள்ள நிலம் வெறும் நிலம் அன்று. கரும்பு, நெல், கேழ்வரகு, நிலக்கடலை, மா ஆகியவை விளையும் உழவர்களின் வாழ்வு அங்குதான் உள்ளது. ஒரே இரவில் யானைக் கூட்டம் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பை அழித்துவிடக்கூடும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. மனம் வெறுத்த சிலர் மின்கம்பியை நேரே வேலியில் இணைப்பதால் யானைகள் இறக்கின்றன, மனிதரும் இறக்கின்றனர். 2023 ஜூன் மாதத்தில், பலமனேர் அருகே நெடுஞ்சாலையைக் கடந்த மூன்று யானைகள், இரவில் வந்த சரக்கு வண்டி மோதி உயிரிழந்தன. யானைகள் தம் வழியே சென்றன. வண்டியும் தன் வழியே வந்தது. இரண்டு வழிகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை முன்னரே அறிந்து ஏற்பாடு செய்யாமையே இத்தகைய துயரங்களுக்குக் காரணமாகிறது.

திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களும் வனத்தின் வழியேதான் செல்கின்றனர். அலிபிரியிலிருந்து படிவழி ஒன்றும், ஸ்ரீவாரி மெட்டு வழி ஒன்றும் உள்ளன. 1944-இல் முதல் மலைச்சாலையும் 1974-இல் இரண்டாவது சாலையும் ஏற்பட்டன. 2023 ஜூன் மாதத்தில் அலிபிரிப் படிவழியில் சிறுத்தை ஒன்று சிறுவன் ஒருவனைக் கவ்விச் சென்றது. அவன் உயிர் பிழைத்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் அதே வழியில் ஆறு வயதுச் சிறுமி சிறுத்தைக்கு இரையானாள். இத்துயரம் யாராலும் மறக்கத்தக்கதன்று. இதைக் கேட்டு வனத்தின் மேல் வெறுப்புக் கொள்வது எளிது. ஆனால், எறியப்படும் உணவுக் கழிவு நாய் முதலியவற்றை இழுக்கிறது. அவற்றை நாடிச் சிறுத்தை பாதையருகே வந்து பழகுகிறது. கழிவை அகற்றுதல், அந்திக்குப் பின் குழந்தைகளைப் படிவழியில் செல்லவிடாமை, கூட்டமாக நடத்தல், ஓரப் புதர்களை நீக்கி வெளிச்சம் அமைத்தல் ஆகியவை மக்களையும் விலங்கையும் ஒருங்கே காக்கும் முறைகள்.

சட்டமும் செய்கையும்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் அடிப்படையாயிற்று. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாப்பு ஒதுக்கிடம், சமுதாய ஒதுக்கிடம் என்னும் இரண்டு புதிய வகைகளைச் சேர்த்தது. முன்னது, காக்கப்பட்ட பகுதிகளை அடுத்தும் இணைத்தும் உள்ள அரசு நிலத்திற்கு உரியது. பின்னது, மக்கள் தாமே முன்வந்து தம் நிலத்தை ஒதுக்குவதற்கு உரியது. இரண்டிலும் உள்ளூர் மக்கள் நிருவாகத்தில் பங்கு பெறுகின்றனர். 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி அமைந்த தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், இந்திய வனவிலங்கு நிறுவனத்துடன் சேர்ந்து நாட்டிலுள்ள 32 பெரும் புலிவழிகளைக் குறித்தது. அவற்றுள் நாகார்ஜுனசாகருக்கும் ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவுக்கும் இடைப்பட்ட வழியும் ஒன்று. நல்லமலைப் புலி தெற்கே வர வேண்டுமாயின் லங்காமலையையும் வடபெண்ணைக் கரையையும் பாலகொண்டாவையும் கடந்தே வர வேண்டும். வரைபடத்தில் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கோட்டின் மேல் அமையும் ஒவ்வொரு சாலையும், கற்குவாரியும், வேலியும் அதனை அழிக்கவும் கூடும், அழியாமல் அமையவும் கூடும்.

அழியாமல் அமைப்பது இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உள்ளது. மத்திய இந்தியாவில் பென்ச் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்கியபோது, விலங்குகள் கீழே கடந்து செல்ல ஒன்பது அமைப்புகள் கட்டப்பட்டன. அவற்றுள் மிக நீண்டது 750 மீட்டர் நீளமுள்ளது. அங்கே வைக்கப்பட்ட தானியங்கிப் புகைப்படக் கருவிகள், மான்களும் காட்டு நாய்களும் புலிகளும் அவற்றின் கீழே நடந்து செல்வதைப் பதிவு செய்தன. சித்தூர் மாவட்டத்திலும் யானை கடக்கும் இடங்களை முன்னரே கணக்கிட்டுச் சாலைகளை அமைத்தல் சாத்தியமே. சாலை போட்டபின் திருத்துவதைவிட, வரைபட நிலையிலேயே திருத்துவது செலவு குறைந்தது.

வேலியைப் பற்றியும் ஒரு விதியை நினைவில் கொள்ளல் நன்று. வேலியும் அகழியும் வயலையும் ஊரையும் சுற்றி அமைய வேண்டும். விலங்கின் வழிக்குக் குறுக்கே அமையலாகாது. வழி அடைபட்ட யானை திரும்பிச் செல்வதில்லை; வேறொரு ஊரின் வயலுக்குள் இறங்குகிறது. 2025 மே மாதத்தில் கர்நாடக அரசு நான்கு கும்கி யானைகளை ஆந்திரப் பிரதேசத்திற்கு அளித்தது. ஊருக்குள் வரும் யானைகளைத் திருப்பி விடுவதற்கு அவை உதவும். ஆனால், திருப்பிவிடப்படும் யானை சென்று சேர ஒரு வனமும், அவ்வனத்திற்கு ஒரு வழியும் இருந்தாலன்றிக் கும்கிகளின் உழைப்பு ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் தொடங்க வேண்டியதாகும். பயிர்ச்சேதத்திற்குரிய ஈடு காலத்தில் உழவர் கையில் சேர்வதும் இதைப்போலவே இன்றியமையாதது. ஈடு தாமதமாகும் ஊரில் வனவிலங்கின்பால் பொறுமையை எதிர்பார்த்தல் நியாயமன்று.

தொகுத்துரைத்தால்

வனத்தின் பரப்பு, வடிவம், இணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதன் உயிர் வளத்தைத் தீர்மானிக்கின்றன. சேஷாசலமும் கௌண்டின்யமும் தனித்தனியே பெரிய விலங்குகளுக்குச் சிறியவை; இணைந்து நிற்கும்போதே போதுமானவை ஆகின்றன. அவற்றை இணைக்கும் நிலம் மக்கள் வாழும் நிலமாதலால், அம்மக்களின் பாதுகாப்பும் வருவாயும் வனப்பாதுகாப்பின் பகுதிகளேயன்றி அதற்குப் புறம்பானவை அல்ல.

மாணவர் செய்து பார்க்க ஒரு பயிற்சி: தம் வட்டத்தின் நிலப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வனங்களைப் பச்சை நிறத்தாலும், ஊர்களையும் சாலைகளையும் வேறு நிறங்களாலும் தீட்டுக. ஒரு வனத்திற்கும் அடுத்த வனத்திற்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி எங்குள்ளது என்பதை அளந்து குறிக்க. பின்னர் ஆசிரியருடன் அவ்விடத்திற்குச் சென்று, அங்கே இருப்பது புதர்க்காடா, வயலா, வேலியா, சாலையா என்பதை நேரில் கண்டு எழுதுக. அவ்வூர் முதியவர்களிடம், எந்த மாதத்தில் எந்த விலங்கு அவ்வழியே கடக்கிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்க. ஏட்டில் உள்ள வரைபடம் காட்டாத பல செய்திகள் அவர்களிடமிருந்து கிடைக்கும்.